கேட்டு வாங்கிய உரை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து கால் மணி நேரம், தலைப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நம் ஆசிரியர் உயிரோடு இருந்தால் அந்தக் கால் மணி நேரத்தை வெட்டச் சொல்லியிருப்பார். ஆகவே அவரைப் பற்றித் தனியாகப் பேசப் போவதில்லை. வரவேண்டிய இடத்தில் அவரே வருவார்.

இன்றைய தலைப்பைக் கொடுத்தது ஒரு மாணவி. வாசகர் வட்டத்தில் கீழவெண்மணி பற்றிப் பேசி முடித்த ஒரு மாலையில் எழுந்து கேட்டார். "சார், இவ்வளவு புத்தகம் இருக்கு, இவ்வளவு ஆதாரம் இருக்கு. எங்க விடுதி ரூம்ல கூட இருக்கிற பொண்ணுகிட்ட எல்லாத்தையும் காட்டிட்டேன். 'இதெல்லாம் இப்ப எங்க இருக்கு'ன்னுதான் சொல்றா. தான் நம்புறது தப்புன்னு தெரிஞ்சுக்கணும்னு யாருக்காவது உண்மையிலேயே ஆசை இருக்கா?"

கல்வி பரவினால் மாறும், தொடர்ந்து பேச வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். சமாதானமாகி உட்காரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போகிற பேருந்தில் யோசித்தபோது, நான் சொன்னதை நானே நம்பவில்லை என்று புரிந்தது. கல்வி நிறைந்த மனிதர்கள் கூடிய ஓர் அவையில் இந்தக் கேள்விக்கு என்ன விடை கிடைத்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். புத்தகமாக நம் வீடுகளில் இருக்கிறது. அதன் உரையைப் படிக்கிறோம். முன்னால் அச்சிட்டிருக்கும் கடிதங்களைப் பலரும் தள்ளிவிட்டுப் போகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்று ஓர் அமைப்பு இருந்தது. பெயரின் பொருளே சாதியை உடைக்கும் சங்கம். வைதிகர்கள் நடத்தியது இல்லை. சாதி இந்துக்களில் சீர்திருத்தம் வேண்டியவர்கள் நடத்தியது. கலப்புமணத்தை ஆதரித்தார்கள், சாதிதான் இந்துக்களின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று எழுதினார்கள், பேசினார்கள். 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தார்கள். சாதி இந்துக்களின் இயக்கங்களில் அவர் கலந்துகொள்வது வழக்கமில்லை. தயங்கினார். மீண்டும் மீண்டும் வற்புறுத்தியபின் ஒப்புக்கொண்டார்.

1935 டிசம்பரில் மண்டலைச் சேர்ந்த சந்த்ராம் அவருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். சாதி எந்த மதக் கருத்துகளின் மேல் நிற்கிறதோ அவற்றை அழிக்காமல் சாதியை உடைக்க முடியாது என்று நீங்கள் சொல்வதாக அறிகிறேன், இது எனக்கு முழுதாக விளங்கவில்லை, விரிவாக விளக்குங்கள், நாங்களும் பத்திரிகையிலும் மேடையிலும் எடுத்துச் சொல்கிறோம் என்பது அதன் சாரம். இதைவிடத் திறந்த மனதோடு ஒரு கடிதம் எழுத முடியுமா? எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்கிறார். கேட்டது விளக்கம். கேட்கப்பட்டவர், அந்த நாட்டிலேயே அதைப் பற்றி அதிகம் படித்தவர்.

அம்பேத்கர் விளக்கினார். கேட்டபடியே, விரிவாக.

1936 ஏப்ரலில் ஹர் பகவான் என்பவர் மண்டலின் சார்பில் பம்பாய்க்கு வந்தார். பிறகு லாகூரிலிருந்து கடிதம் வந்தது. வேதங்களைப் பற்றிய பகுதி வேண்டாம், இந்துவாக இது என் கடைசி உரை என்று சொல்லும் பகுதி தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது, இன்ன இடத்தோடு முடித்துக்கொண்டால் நல்லது. ஏற்கெனவே பாய் பரமானந்தர், மகாத்மா ஹன்ஸ்ராஜ் முதலிய பஞ்சாப் பிரமுகர்கள் இந்த அழைப்பைக் கண்டித்து விலகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்று அம்பேத்கர் பதில் எழுதினார். மாநாடு நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையை 1936 மே மாதம் தன் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டன. 1937 பதிப்பின் முன்னுரை எழுதும்போதே குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டிருந்தது. லாகூர் கேட்க மறுத்ததைத் தமிழ் ஓராண்டுக்குள் படித்தது. நமக்கு அதில் கொஞ்சம் பெருமைப்பட உரிமை உண்டு.

இதற்குப் பின் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. காந்தி தன் ஹரிஜன் இதழில் இந்த உரையைப் பற்றி எழுதினார். வரவேற்புக் குழு உரையை நிறுத்தியது தவறு என்றார், சீர்திருத்தவாதி எவரும் இதை ஒதுக்க முடியாது என்றார், எட்டணா விலை அதிகம், இரண்டணாவோ நாலணாவோ வைக்கலாம் என்று யோசனையும் சொன்னார். (விலையில் மட்டும் நான் காந்தியின் கட்சி.) அதற்குச் சந்த்ராம் ஒரு விளக்கம் அனுப்பினார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எடுக்கச் சொன்னோம், அவர் மறுத்துவிட்டார் என்று தங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை இந்தப் பொருளில் இதைவிட ஆழ்ந்த ஆய்வுரை கிடையாது, இந்தியாவின் எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்கத் தக்கது என்று பாராட்டுகிறார்.

யோசித்துப் பாருங்கள். உரை தவறு என்று அவர் சொல்லவில்லை. வாதத்தில் தோற்றதாகவோ வென்றதாகவோ சொல்லவில்லை. உரை சரியானது, சிறந்தது, எல்லோரும் படிக்க வேண்டியது. எங்கள் மேடையில் மட்டும் வேண்டாம். அறிவு மறுக்கவில்லை, மேடைதான் மறுத்தது.

மாணவியின் கேள்வியை நான் இப்படித்தான் திருத்திக்கொள்கிறேன். தவறை அறிந்துகொள்ளும் ஆசை மனிதர்களுக்கு உண்டு. சந்த்ராமின் கடிதத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த அறிவுக்கு ஒரு விலை இருக்கிறது. விலைச்சீட்டு கண்ணில் படும்வரை ஆசை உண்மையாகவே இருக்கிறது. மண்டலைச் சேர்ந்தவர்கள் சாதி தவறு என்று சொல்லத் தயாராக இருந்தார்கள், ஏனென்றால் அப்படிச் சொல்லும் நல்ல இந்துவாக இருப்பதில் அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. வேதத்தைக் கைவிட்டால் அந்த இடமே போய்விடும். சொந்தக்காரர், சம்பந்தி, சங்கத்துக்கு நன்கொடை தருகிறவர், தெருவில் வணக்கம் சொல்கிறவர், இத்தனை பேரும் ஒரு நம்பிக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை உருவினால் எல்லோரும் விழுவார்கள்.

அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. அந்த உரையிலேயே அவர் கேட்கிறார், சாதியை ஒழிக்கக் கலப்புமணம் வேண்டும் என்று சொல்லியும் பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று. மக்கள் கெட்டவர்கள், மனிதத் தன்மை இல்லாதவர்கள் என்பதல்ல அவர் சொல்லும் காரணம். அவர்கள் ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர்கள், தாங்கள் புனிதம் என்று கருதுவதற்கு எதிராக நடக்கச் சொல்கிறோம், அதனால் செய்வதில்லை. அவர் கோபத்தை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எதிரே நிற்பவனின் மனத்துக்குள் போய்ப் பார்க்கும் இந்தப் பொறுமையைக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம்.

காந்தி மாறவில்லையா என்று சிலர் கேட்பார்கள். மாறினார். 1920களின் தொடக்கத்தில் சமபந்தியும் கலப்புமணமும் அவசியமில்லை என்று எழுதியவர், 1940களின் நடுவில், மணமக்களில் ஒருவர் தீண்டப்படாதவராக இல்லாத திருமணத்துக்குத் தன் ஆசி கிடையாது என்னும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு மனிதர் கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டார் என்று பாராட்டலாம். பாராட்டும்போது அந்தக் கால் நூற்றாண்டு யாருடைய ஆயுளில் கழிந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஒருவர் மெதுவாகக் கற்றுக்கொள்ள, இன்னொருவர் கிணற்றடியில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எனவே மனமாற்றத்துக்குக் காத்திருக்காதே என்று நம் இயக்கங்கள் சொன்னது சரிதான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் குடும்ப அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். சுவர் இருந்தால்தான் பாதுகாப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. அதை யாரும் வாதாடி மாற்றவில்லை. போராட்டம் நடந்தது, அரசு இடித்தது. ஒரு நம்பிக்கை பொய் என்று தெரிய, முதலில் அது பொய்யாவதற்கு வழி விட வேண்டும். சுவர் நிற்கும்வரை அது விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை பேசியதெல்லாம் பிறருடைய தவறுகள். கைதட்டுவதற்கு வசதியானவை. இந்த இடத்தில்தான் ஆசிரியர் வருகிறார்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு பற்றி நமக்குள் நடந்த சண்டை இங்கே மூத்தவர்கள் பலருக்கும் நினைவிருக்கும். நீதிபதி ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்தது, பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு என்று 2009இல் சட்டம் வந்தது. நான் எதிர்த்தேன். பறையர் சமூகத்தில் பிறந்தவன் என்பதால் எதிர்க்கவில்லை, தலித் ஒற்றுமைக்காக எதிர்க்கிறேன் என்று சொன்னேன், எழுதினேன். ஆள்பவர்களின் பிரித்தாளும் தந்திரம், இருக்கும் இடங்களையே நிரப்பாமல் பின்னடைவுக் காலியிடமாக வைத்திருப்பவர்கள் அதற்குள் பங்கு பிரிக்கிறார்கள், என்று என்னிடம் வாதங்கள் இருந்தன. மோசமான வாதங்கள் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நிரப்பப்படாத இடங்களைப் பற்றிய வாதம் இன்றும் சரியானதே. சிக்கல் அதில்லை. அவை வாதங்களாக இருந்ததால், நான் ஒரு நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் பேசி முடித்தேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி எழுந்தார். அப்பா துப்புரவுத் தொழிலாளி, இவர் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். வாதமெல்லாம் வைக்கவில்லை. "அண்ணா, உங்க ஊருல எங்க தெரு எங்க இருக்குதுங்க?" என்று கேட்டார்.

என் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில். ஊர், அதற்குத் தெற்கே எங்கள் காலனி, அதற்கும் தெற்கே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு. "ஓடைக்கு அங்கிட்டு" என்றேன். "ஓடைக்கு இங்கிட்டு ஏன் இல்லீங்க?" என்றார். கூட்டத்தில் சிலர் சத்தம் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் என்னிடம் வந்தார். நீ சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. "அடுத்த வாரம் வர்றப்ப நம்ம அமைப்போட பொறுப்பாளர் பட்டியலை எழுதிட்டு வாப்பா. பேர் மட்டும் வேணாம், தெருவும் எழுது" என்றார்.

எழுதினேன். 17 பேர். அதில் அருந்ததியர் ஒருவர். அவருக்குக் கொடுத்திருந்த பொறுப்பு பந்தல், மைக், நாற்காலி. தலித் ஒற்றுமைக்காக ஒருவரும் பிரியக் கூடாது என்று தீர்மானம் எழுதிய கையெழுத்தும் அந்தப் பட்டியல் எழுதிய கையெழுத்தும் என்னுடையதுதான். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தகுதியானவர்கள் முன்வந்தால் நாம் என்ன தடுக்கவா செய்கிறோம் என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை வாழ்நாள் முழுக்க யார் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எனக்கு உறைக்கவில்லை.

அப்போதும் நான் மாறிவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் இழுத்தேன். இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் மாணவர்களிடம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆதாரம் கையில் இருந்தும் ஒருவன் எப்படி நாள் கடத்துகிறான் என்பதற்கு நான் ஒரு நல்ல உதாரணம். முதலில் பட்டியலில் இருந்த தெருப்பெயர்களில் பிழை தேடினேன். பிறகு வேறு அமைப்புகளின் பட்டியல் இதைவிட மோசம் என்று கண்டுபிடித்தேன். பிறகு இதையெல்லாம் பொதுவில் பேசினால் சாதி வெறியர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று ஒரு பொறுப்புணர்ச்சி வந்தது. அந்தப் பொறுப்புணர்ச்சி மிகவும் வசதியானது. அதற்குள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் படுத்துத் தூங்கலாம்.

என்னை எழுப்பியது ஒரு ஞாபகம். மேடைகளில் நான் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் ஊர்க் கிணற்றடியில் எங்கள் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள், ஊர்ப் பெண்கள் மனம் வைத்தால் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள், குடம் குடத்தில் படாமல். இருபது மேடையிலாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போது குரல் உடையும். உண்மையாகவே உடையும். ஒருநாள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மேலே வந்தது. எங்கள் காலனிக்குப் பஞ்சாயத்துக் குழாய் வந்த பிறகும் ஓடைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் குழாய் வரவில்லை. அந்தப் பெண்கள் எங்கள் குழாயடியில் வந்து நிற்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மா என்னை ஊற்றிவிடச் சொல்வார். "குடத்தைத் தூக்கிப் பிடிச்சு ஊத்துடா" என்பார். நான் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். கை வலிக்கும், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

இது மறந்துபோன விஷயமில்லை. எப்போதும் தெரியும். முதல் கதைக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்ததே கிடையாது, அவ்வளவுதான். அன்று மேடையில் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினேன். மயக்கம் என்று நினைத்துத் தோழர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு உள்ஒதுக்கீட்டை ஆதரித்து எழுதினேன். பழைய நண்பர்கள் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. பெரிய தியாகம் ஒன்றுமில்லை, ஆனாலும் விலை என்று நான் சொன்னேனே, அதன் சின்னப் பிரதி. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஈரோட்டுத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். அதே தீர்ப்பில் சில நீதிபதிகள் நமக்கும் கிரீமி லேயர் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பதைப் பற்றி இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் திட்டினோம். உடன்பட்ட இடமும் இருக்கட்டுமே.

இயக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாம் தவறு என்று ஒப்புக்கொண்டால் எதிரி சிரிப்பான் என்ற பயம் நமக்கு அதிகம். நியாயமான பயம். ஆனால் நாசிக்கை நினைத்துப் பாருங்கள். 1930 மார்ச்சில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. அடிபட்டார்கள், சிறை போனார்கள், ஐந்து ஆண்டு அந்த ஒரு கதவின் முன்னால் நின்றார்கள். 1935 அக்டோபரில் அதே நாசிக் மாவட்டத்தின் இயோலாவில், அதே மக்கள் முன்னால் நின்று, இந்தக் கதவு நமக்கு வேண்டாம், இந்த முயற்சியை விடுங்கள், நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் சொன்னார். கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிடுவது தன் நோக்கமாக இருந்ததில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார் என்பது உண்மை. ஆனாலும் அடிபட்ட காயத்தோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவனின் முன்னால் வழியை மாற்றுகிறேன் என்று சொல்ல என்ன வேண்டியிருந்திருக்கும்? தீண்டப்படாதவர் யார் என்ற தன் நூலின் முன்னுரையிலும் தன் முடிவே இறுதி என்று கோரவில்லை என்று எழுதியவர் அவர். கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றவரும் இவரேதான். பிறர் வசதிக்காக மாற்ற மாட்டேன் என்பதற்கும் தனக்கே தெரிந்ததை மாற்றாமல் வைத்திருப்பதற்கும் உள்ள தூரம் அது.

மாணவியே, உங்கள் விடுதித் தோழியைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர் ஆதாரத்தைப் படித்துவிட்டு மாறாமல் இருப்பது, உங்கள் ஆதாரம் போதாததால் இருக்காது. ஒப்புக்கொண்டால் அவர் வீட்டில் யார் யாரோடு சண்டை போட வேண்டும் என்று அவர் கணக்குப் பார்த்திருக்கலாம். முடிந்தால் அந்தக் கணக்கைக் கேளுங்கள். அதற்காக அவரோடு பொறுமையாக இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருப்பதாக நான் சொல்லவில்லை. அடி வாங்குகிறவர்தான் பாடமும் நடத்த வேண்டும் என்பது நியாயமில்லை.

போன வருடம் ஈரோட்டுத் தம்பி ஒரு வேலையாக எங்கள் ஊர்ப் பக்கம் வந்தார். இப்போது அவர் கல்லூரி ஆசிரியர். வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முன்பு நான் கேட்டபோதெல்லாம் "அவுக வேற, நாம வேறப்பா" என்று முடித்துவிடுவார். அன்று அவரே எழுந்து போய்க் காபி போட்டு, நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். "சாப்பிட்டுப் போய்யா" என்றார். தம்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அவரைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்த டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவினாரா, தனியாகக் கழுவினாரா, எங்கே கவிழ்த்து வைத்தார் என்று அடுக்களைக்குள் ஓர் எட்டு வைத்தால் தெரிந்திருக்கும். நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.